ஊசி பிடிப்பவர் உடலில் பச்சை இருந்தாக வேண்டுமா?

வாசகியின் கடிதம்:

"எனக்கு வயது 26. சிங்கப்பூரில், ஈசூனில் பெற்றோருடன் வசிக்கிறேன். வரைகலை படித்து விளம்பரத் துறையில் சில காலம் பணியாற்றிய பின், கடந்த ஆண்டிலிருந்து ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் ஒரு டாட்டூ கடையில் பயிற்சி பெற்று வருகிறேன். என் உடலில் ஒரு புள்ளி அளவுக்குக்கூடப் பச்சை கிடையாது. பள்ளிப் பருவத்தில் காதின் மேற்பகுதியில் இன்னொரு துளை போட்டுக்கொண்டபோது அந்த இடம் தடித்துக் கெட்டியாகி, இன்றும் சுண்டைக்காய் அளவுக்கு நிற்கிறது. அதனால் பயம். அம்மாவோ, 'வேலையாகச் செய்வது உன் விருப்பம், ஆனால் உடம்பில் குத்திக்கொண்டு இந்த வீட்டுப் படியேறாதே' என்கிறார். கடை உரிமையாளர் ஒரு கையையாவது நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார். அண்மையில் ஒரு வாடிக்கையாளர், 'உங்களுக்கே ஒன்றும் இல்லையே, உங்களை நம்பிக் கையை நீட்டுவது எப்படி' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பச்சை இல்லாதவர் இத்தொழிலில் நிலைக்க முடியுமா? மறைவான ஓரிடத்தில் சிறியதாகவாவது ஒன்று போட்டுக்கொள்ளலாமா?"

பதில்:

உங்களுடைய கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம், மறைவான இடத்திலும் வேண்டாம், சிறியதாகவும் வேண்டாம். உங்கள் காதில் இருப்பது என்னவென்று தெரியாத வரை, தொழில் நியாயம், வாடிக்கையாளர் நம்பிக்கை, அம்மாவின் கோபம் ஆகிய அனைத்தும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன.

காதில் துளையிட்ட இடம் தடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நகையின் உரசலாலும் கிருமித் தொற்றாலும் உண்டாகும் வீக்கமாக இருக்கலாம். காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும் தடித்த தழும்பாக இருக்கலாம். அல்லது காயத்தின் எல்லையைத் தாண்டி, நல்ல தோலின் மீதும் பரவி வளரும் கெலாய்டாக இருக்கலாம். மூன்றாவது வகைதான் நம் தொழிலுக்குப் பகை. கருநிறத் தோலில் அது அதிகமாகக் காணப்படுகிறது. குடும்ப வழியாகவும் வருகிறது. காது, தோள், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. பதின்ம வயதிலிருந்து முப்பது வயது வரை கூடுதலாகத் தலைகாட்டுகிறது. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால், மருத்துவர்கள் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் பட்டை போன்றவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பச்சை குத்திய இடத்தில் கெலாய்டு வருவது எல்லாருக்கும் நேர்வதன்று. ஆயினும் ஏற்கெனவே ஒருமுறை வந்தவர், தேவையில்லாத எந்தக் காயத்தையும் தவிர்க்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தில் காட்டி, தோல் மருத்துவ நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள். உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இத்தகைய தழும்பு இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடையில் உங்களுக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்படும் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று, "சிறியதாக ஒன்று போட்டு ஒரு மாதம் பார், ஒன்றும் ஆகாவிட்டால் தொடரலாம்" என்பது. கெலாய்டு காயம் ஆறிப் பல மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஓராண்டுக்குப் பின்னரும் தோன்றுகிறது; ஆகவே ஒரு மாதச் சோதனை எதையும் நிரூபிக்காது. மற்றொன்று, "மையே வேண்டாம், வெறும் ஊசியை மட்டும் உன் தொடையில் ஓட்டிப் பார், கை பழகும்" என்பது. தழும்பை எழுப்புவது மை அன்று, காயம். மையில்லாத ஊசியும் அதே ஆழத்துக்குத்தான் போகிறது.

இனி, எழுந்து போன அந்த வாடிக்கையாளரைப் பற்றிப் பேசலாம். அவருடைய கேள்வி முரட்டுத்தனமானதாக இருந்தாலும் மூடத்தனமானதன்று. வாழ்நாள் முழுதும் தோலில் தங்கப்போகும் ஒன்றை அறிமுகமில்லாத ஒருவரிடம் ஒப்படைக்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ள மனம் தேடுகிறது, கண்ணுக்கு முதலில் படுவது கலைஞரின் கைதான். ஆனால் அந்தக் கை எதைக் காட்டுகிறது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். என் இரு கைகளும் மணிக்கட்டு வரை நிரம்பியிருக்கின்றன. அவற்றில் ஒரு கோடுகூட நான் போட்டதன்று. வலக்கையால் வேலை செய்பவர் தன் வலக்கையில் தானே ஒழுங்காகக் குத்திக்கொள்ள முடியாது, முதுகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் கையைப் பார்த்து என்னிடம் முன்பதிவு செய்பவர், உண்மையில் வேறு மூன்று பேருடைய திறமையைப் பார்த்து என்னிடம் பணம் கொடுக்கிறார். சிராங்கூன் சாலை நகைக்கடையில் குழந்தைக்குக் காது குத்த உட்காரும்போது நாம் ஆசாரியின் காதைப் பார்ப்பதில்லை, அவருடைய கை நடுங்குகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அப்படியானால் கலைஞரின் உடலில் பச்சை இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கு வேர் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூடையும் ஊசியுமாக வீடு வீடாக வந்து பச்சை குத்திய குறவர் பெண்களின் கைகளிலும் பச்சை இருந்தது. நான்கைந்து ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைக் குழைத்து, புள்ளிக் கோலத்தையும் தேளையும் உறவினர் பெயரையும் முன்கையில் குத்தி, கூலியாக நெல்லும் துணியும் வாங்கிச் சென்றவர்கள் அவர்கள். பிலிப்பீன்ஸின் கலிங்கா மாநிலத்தில் புஸ்கலான் என்ற மலைக் கிராமத்தில் வாழும் வாங்-ஓட், எலுமிச்சை இனத்து முள்ளாலும் கரியாலும் தட்டித் தட்டிக் குத்துபவர். அவருடைய கைகளும் கோலங்களால் நிறைந்தவை. அந்த வித்தையை அவர் தம் பேத்தி முறையாகும் இரத்த உறவுப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்தார். ஜப்பானில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலும் மறைவாகத் தொடர்ந்த மரபில், சீடன் குருவின் வீட்டிலேயே தங்கி, தன் தொடையில் தானே குத்திப் பழகினான்.

இந்த மூன்று இடங்களிலும் குத்துபவரின் உடலில் இருந்த பச்சை விளம்பரம் அன்று. அது அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், யாரிடம் கற்றவர் என்பதற்கான அடையாளம். ஜப்பானியச் சீடனுக்கு அது பயிற்சித் தாளாகவும் இருந்தது, ஏனெனில் அவனுக்கு வேறு தாள் கிடையாது. உங்களுக்குச் சிலிக்கான் தோல் இருக்கிறது, பன்றித் தோல் இருக்கிறது, தோல் தடித்த பழங்கள் இருக்கின்றன. அவை போதுமானவை என்று சொல்ல மாட்டேன். சிலிக்கான் இரத்தம் கசியாது, வீங்காது, திடுக்கிட்டுத் துள்ளாது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆறாது. ஆனால் கோட்டின் சீரையும் கையின் வேகத்தையும் ஊசியின் ஆழத்தையும் பழகிக்கொள்ள அவை உதவும். தன் தொடையில் தானே போட்டுக்கொண்ட கோணல் ரோஜாவைப் பெருமையுடன் காட்டும் கலைஞர்கள் பலர் உண்டு. அந்த ரோஜாவால் அவர்கள் கற்றதைவிட, அடுத்து வந்த நூறு பேரின் தோலில் கற்றதுதான் அதிகம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசிக்குக் கீழே ஒருமுறையாவது படுத்திருந்தவருக்குத் தெரிவதில் ஒரு பகுதி, படுக்காதவருக்குத் தானாகத் தெரியாது. விலா எலும்பின் மீது ஊசி ஓடும்போது அதிர்வு தாடை வரை ஏறுவது, முதல் ஒரு மணி நேரம் தாங்கக்கூடியதாக இருந்த வலி மூன்றாம் மணி நேரத்தில் திடீரெனக் குணம் மாறுவது, அறைக் குளிரில் உடல் தானாக நடுங்கத் தொடங்குவது, முடிவு நெருங்கும்போது ஊசியைவிடத் துடைக்கும் தாளே அதிகம் எரிவது, கலைஞருக்கு வசதியாக முறுக்கி வைத்த தோள் மரத்துப்போனதைச் சொல்லக் கூச்சப்படுவது ஆகியவற்றை அனுபவித்தவர், வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே மெஷினை நிறுத்தி, "எழுந்து தண்ணீர் குடியுங்கள்" என்பார். உங்களுக்கு இந்த அறிவு வேறு வழியில்தான் வர வேண்டும். அது வரும், ஆனால் உழைத்துப் பெற வேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். மூத்த கலைஞர் நீண்ட அமர்வு செய்யும் நாள்களில், ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் வாடிக்கையாளரின் முகத்துக்கு அருகே உட்காருங்கள். எந்த இடத்தில் மூச்சு தடைப்பட்டது, எப்போது பேச்சு நின்றது, எப்போது கால் விரல்கள் மடங்கின என்று நேரத்துடன் குறித்து வையுங்கள். அமர்வு முடிந்ததும், "எந்த இடம் மிகவும் கடினமாக இருந்தது, நாங்கள் எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்" என்று கேளுங்கள். மக்கள் இதைச் சொல்ல மிகவும் விரும்புகிறார்கள். அதன் பிறகு ஆறும் காலத்தைத் தொடருங்கள். முதல் ஓரிரு நாள்கள் நிணநீரும் மையும் கசிவது, ஏறத்தாழ நான்காம் நாளிலிருந்து உரிவது, உரிந்த பின் சில வாரங்கள் பால் படர்ந்தாற்போல் மங்கித் தெரிவது, பிறகு தெளிவது என்று ஒவ்வொரு கட்டத்தையும் அதே நபரிடம் படமெடுத்துச் சேருங்கள். தன் உடலில் நான்கு பச்சை உள்ள கலைஞருக்கு நான்கு தோலிடங்கள் ஆறிய விதம்தான் தெரியும், அதுவும் தன் ஒரே தோலில். இப்படிச் சேர்ப்பவருக்குப் பல வயதினர், பல இனத்தவர், பல தொழில் செய்பவர்களின் தோல் தெரிந்திருக்கும்.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். பூமத்திய ரேகைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தீவில் நண்பகல் புற ஊதாக் கதிர்க் குறியீடு அடிக்கடி உச்சத்தைத் தொடுகிறது. ஈரப்பதத்தில், புதிய பச்சையின் மீது ஒட்டும் பாதுகாப்புப் படலத்துக்கடியில் வியர்வை தேங்குகிறது. அடுத்த வாரம் போர்க்காலப் படைவீரர் பயிற்சிக்குப் போகவிருக்கும் இளைஞர் தோளில் பச்சை குத்திக்கொண்டு, முழுப் பொதியையும் அதன் மீதே சுமக்கிறார். "பயிற்சி முடிந்த பிறகு வாருங்கள்" என்று சொல்லத் தெரிந்த கலைஞரை, கை நிறைய டிராகன் வைத்திருந்தும் அதைக் கேட்கத் தெரியாதவரைவிட நான் மதிப்பேன்.

தோலின் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தமிழ் வாடிக்கையாளர்கள் உங்களைத் தேடி வருவதற்கு அதுவே வலுவான காரணமாக அமையலாம். மை தங்குவது மேல்தோலுக்குக் கீழே, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில். நிறம் தரும் மெலனின் இருப்பதோ மேல்தோலில். ஆகவே நம்மைப் போன்றவர்களின் பச்சையை எப்போதும் பழுப்பு நிறத்தினூடேதான் பார்க்கிறோம். மஞ்சளும் வெள்ளையும் இளநீலமும் அதில் அமிழ்ந்துவிடுகின்றன, கருமையும் அடர்சிவப்பும் தாக்குப்பிடிக்கின்றன, கோடுகளுக்கிடையே தோலுக்கு விட்ட இடைவெளிதான் வெளிச்சமாக வேலை செய்கிறது. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் வகுக்கத் தொடங்கிய தோல் வகைப் பட்டியலின் இன்றைய ஆறு வகைகளில் (ஒன்று மிக வெளிர், ஆறு மிகக் கருமை), தமிழர் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் வருகிறோம். கடைகளில் மாட்டியுள்ள மாதிரிப் படங்களோ பெரும்பாலும் வெளிர்தோலில், குத்தி முடித்த அதே மணி நேரத்தில், விளக்கொளியில் எடுத்தவை. நிறம் ஏறவில்லை என்று அதே இடத்தை மீண்டும் மீண்டும் உழுவதுதான் கருந்தோலில் தழும்புக்கும் கருமைப் படிவுக்கும் வழி. இதைப் புரிந்துகொள்ள உங்கள் தோலில் மை ஏற்ற வேண்டியதில்லை. ஒப்புதல் தரும் வாடிக்கையாளருக்கு, மறைவான இடத்தில் சில நிறங்களைப் புள்ளிகளாக வைத்து, ஆறிய பின் சேர்ந்து பார்த்துவிட்டு முழு வடிவத்தையும் தீர்மானியுங்கள்.

எனவே அடுத்த வாடிக்கையாளர் அதே கேள்வியைக் கேட்கும்போது தயங்கவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாம். "எனக்குத் தழும்பு தடிக்கும் தோல், அதனால் போட்டுக்கொள்ளவில்லை. நான் குத்தியவை ஆறிய பிறகு எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்" என்று சொல்லி, புதிதாகக் குத்தியதற்கு அருகில் ஆறிய படத்தையும் வைத்துக் காட்டுங்கள். அந்தப் பதிலால் இன்னொரு நன்மையும் உண்டு. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், "எனக்கும் காதில் அப்படி ஒன்று இருக்கிறது" என்று அப்போதுதான் வாய் திறப்பார். அதன் பிறகும் ஒருவர் எழுந்து போனால் போகட்டும். அது அவருடைய உரிமை, அவருடைய தோல். வாடிக்கையாளர் உண்மையில் கேட்க வேண்டியவை வேறு: ஊசி அவர் கண்முன் உறை பிரிக்கப்படுகிறதா, கைப்பிடி போன்றவை மீண்டும் பயன்படுமானால் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் உரிய நேரம் வைக்கப்படுகின்றனவா, மை சிறு கிண்ணத்தில் தனியாக ஊற்றப்பட்டு மீதி கொட்டப்படுகிறதா என்பவை. இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி-யும் சி-யும் கலைஞரின் கை ஓவியத்தைப் பார்த்து விலகிப் போவதில்லை. நீங்களும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுள்ளீர்களா, உடலில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று அதே மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

நம் தொழிலின் மற்றொரு கிளையையும் கவனியுங்கள். புருவத்துக்கு நிறம் ஏற்றும் கடைகள் தீவெங்கும் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் முலைக்காம்பின் தோற்றத்தைப் பச்சையால் மீட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். உள்தோலில் மை ஏற்றுவதுதான் அங்கேயும் வேலை. அவர்களிடம் யாரும், "உங்களுக்கு இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்பதில்லை. உங்களுக்கு நுணுக்கமான கை இருந்தால் பிற்காலத்தில் அத்துறையும் திறந்திருக்கும்.

அம்மாவின் பேச்சில் ஒரு முரண் இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஊரார் பிள்ளைகளுக்குக் குத்தலாம், தன் பிள்ளைக்குக் கூடாது. ஆனாலும் அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவர் தலைமுறையில் இங்கே பச்சை என்றால் பலருக்கு நினைவுக்கு வந்தது ரகசியக் கும்பல்களின் சின்னம். அதே வேளையில் அவருடைய பாட்டியின் முன்கையில் பச்சைக் கோலம் இருந்திருக்கவும் கூடும். ஒருநாள் கேட்டுப் பாருங்கள், வாதத்துக்காக அன்றி, தெரிந்துகொள்வதற்காக. இப்போதைக்கு உங்கள் உடல்நிலையும் அவர் விருப்பமும் ஒரே பக்கம் நிற்பதால், சண்டைக்கு அவசியமே இல்லை. ஆனால் மருத்துவர் பச்சை குத்திக்கொள்ளத் தடையில்லை என்று சொல்லிவிட்டால், அப்போது முடிவு உங்களுடையது. அன்று வேண்டும் என்று தோன்றினால் ஒரு வடிவத்தை விரும்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குச் சீருடையாக வேண்டாம். ஒன்றை மட்டும் உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: தழும்புப் பயமும் அம்மாவும் இல்லாவிட்டால் போட்டுக்கொள்வீர்களா? "மாட்டேன், வாழ்நாள் முழுதும் ஒன்றைச் சுமப்பது எனக்குப் பிடிக்காது" என்பது விடையானால், அதிலும் தவறில்லை. தயங்கி நிற்கும் வாடிக்கையாளரை, "இன்னும் ஒரு மாதம் யோசித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.

கடை உரிமையாளரை நான் முழுமையாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் வாடகை கட்டுகிறார், வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே இழுக்க நிரம்பிய கை உதவுகிறது என்பதைக் கண்டிருக்கிறார். ஆயினும் வேலையில் நீடிப்பதற்கு விலையாக உடலில் ஊசி ஏற்றச் சொல்லும் இடத்தில், வாடிக்கையாளரின் ஒப்புதல் எவ்வளவு மதிக்கப்படும் என்ற ஐயம் எனக்கு எழுகிறது. அவரிடம் மருத்துவரின் கடிதத்தையும் ஆறிய படங்களின் தொகுப்பையும் சேர்த்து எடுத்துச் சென்று பேசுங்கள். கடை ஒப்புதல் படிவத்தில், "இதற்கு முன் தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா" என்ற கேள்வியைச் சேர்க்கலாம் என்று நீங்களே முன்மொழியுங்கள். அவர் இரண்டையும் ஏற்றால் அங்கேயே தொடருங்கள். "கையை நிரப்பு, இல்லையேல் கிளம்பு" என்பதே பதிலானால், அந்தப் படத் தொகுப்புடன் வேறு கடைகளின் கதவைத் தட்டுங்கள். மெல்லிய கோடும் கருந்தோல் வேலையும் தெரிந்த பெண் கலைஞருக்கு இவ்வூரில் இடம் இருக்கிறது.